பழைய பெட்ரோல் கார் வாங்குமுன் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

குடும்பத் தேவைக்கும், வெளியூர் வசூலுக்கும் நம் வணிகர்கள் பலர் பழைய பெட்ரோல் கார் வாங்குகிறார்கள். சிட்டி, வெர்னா, சியாஸ் போன்ற நடுத்தரக் கார்கள் சில வருடம் ஓடியபின் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் என்ஜினைப் பிரிக்கும் வேலை வந்தால் அந்த லாபம் போய், கடை முதலிலும் கை வைக்க நேரும். தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்த பணத்தை மெக்கானிக்கிடம் கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

துவரம்பருப்பு வாங்கும்போது மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. குத்தூசி போட்டு நடுவிலிருந்து எடுத்துப் பார்க்கிறோம். காரிலும் அப்படியே. முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி பல குறைகளை மறைக்கும். எனவே காலையில், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் போய்ப் பார்க்க வேண்டும்.

புகை: ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஓட்டும்போதும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது என்று கொள்ளலாம்; இது பெரிய செலவு. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாக எரிவதைக் காட்டும். குளிர்காலையில் சிறிது வெள்ளை ஆவி வருவது இயல்பு. என்ஜின் சூடான பின்னும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

கூலன்ட்: ரேடியேட்டர் மூடியை என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். உள்ளே துருநிறத் தண்ணீர் இருந்தால், கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள் எனலாம். ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற கசடு படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி, கடைத்தெரு நெரிசலில் மட்டும் சூடேறும் வண்டியில் ரேடியேட்டர் ஃபேனை முதலில் பார்க்க வேண்டும். சில கார்களில் வெப்பம் காட்டும் முள் இல்லை. சிவப்பு விளக்கு மட்டுமே எரியும். எரிந்தவுடன் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை நிறுத்திவிட வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து லேத் வேலை வரை கொண்டுபோய்விடும்.

டைமிங்: 1998-ல் நம் நாட்டுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டியில் டைமிங் பெல்ட் இருந்தது, 2003-ல் வந்த மாடலில் செயின். பெல்ட் உள்ள வண்டியில் அதை எப்போது மாற்றினார்கள் என்று பில்லைக் கேட்க வேண்டும். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். செயின் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் அதுவும் தளரும். காலை ஸ்டார்ட்டில் சில நொடி கடகடவென்று சத்தம் வரும்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. டேப்பட்டின் டிக் டிக் சத்தம், ஐடிலிங்கில் உதறல், ஏசி போட்டால் அதிர்வு ஆகியவை பெரும்பாலும் அட்ஜஸ்ட்மென்ட், ஸ்பார்க் பிளக், த்ராட்டில் அழுக்கு, மவுண்டிங் ரப்பர் போன்ற சிறு வேலைகளில் தீரும். விலை பேச இவை உதவும். மேட்டில் ஏறும்போது என்ஜின் இரைந்தும் வண்டி இழுக்காவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. அதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

வாங்கியபின் நம் பழக்கமும் முக்கியம். வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் என்ஜின் முழுதும் சூடாகாது. ஆயிலில் ஈரம் தங்கும். எனவே கிலோமீட்டர் ஆகவில்லையே என்று இராமல், வருடத்துக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்ற வேண்டும். நான்கு மூட்டை அரிசியை டிக்கியில் ஏற்றினால் 200 கிலோ. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. அதற்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாய், ரப்பர் சீல் ஆகியவற்றில் கசிவு உண்டா என்று அடிக்கடி பார்ப்பது நல்லது.

விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தரும் கூலியையும், முதல் வருட ரிப்பேருக்கு ஒரு தொகையையும் வண்டி விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்தக் கூட்டுத்தொகை கட்டுபடியானால் மட்டுமே அட்வான்ஸ் கொடுங்கள்.