எதிராளியின் கையில் என்ன சீட்டு?

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில், வேடசந்தூரானாலும் நிலக்கோட்டையானாலும், புளியமரத்து நிழலில் நாலு பேர் துண்டை விரித்து ரம்மி ஆடும் காட்சி உங்களுக்குப் புதியதன்று. அவர்களுள் ஒருவர், "உன்னிடம் ஆட்டின் ஏழு இல்லை" என்று அடித்துச் சொல்வார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இது மந்திரமா? இல்லை, கணக்கு.

இருவர் 52 சீட்டுள்ள ஒரு கட்டில் ஆளுக்கு 13 எடுத்து ஆடுவதாகக் கொள்வோம். (ஜோக்கரை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) உங்கள் கையில் ஆட்டின் எட்டு இருக்கிறது. அதைக் கழிக்கலாமா? எதிராளியிடம் ஏழு இருந்தால் ஆபத்து. அவர்தான் முதலில் ஆடுகிறார். மூடிய கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ஆட்டின் ஆறை இறக்குகிறார். இப்போது நீங்கள் பார்த்தவை உங்கள் 13, முதலில் திறந்து வைத்த 1, அவர் இறக்கிய ஆறு, ஆக 15. பார்க்காதவை 37. அவற்றில் 13 அவர் கையில். எனவே ஏழு அவரிடம் இருக்கும் வாய்ப்பு 37க்கு 13, அதாவது நூற்றுக்கு 35.

ஆனால் அவர் ஆறைத் தாமாகவே விட்டார் என்ற செய்தியை நாம் இன்னும் சேர்க்கவில்லை. ஏழு வைத்திருப்பவர் ஆறை எளிதில் விடுவாரா? ஏழு இல்லாதவர் ஐந்து தடவை ஆறை இறக்கும் நிலையில், ஏழு உள்ளவர் ஒரு தடவைதான் இறக்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதற்கான 35ஐ ஒன்றாலும், இல்லாததற்கான 65ஐ ஐந்தாலும் பெருக்கினால் 35க்கு எதிரே 325. மொத்தம் 360இல் 35. நூற்றுக்குப் பத்துகூட இல்லை! தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதி, அவர் மறைந்தபின் 1763இல் வெளியான கட்டுரையின் சாரம் இதுதான்.

போக்கரிலும் இதே வழிதான். டெக்சாஸ் ஹோல்டம் வகையில் எதிராளியிடம் மறைவாக இரண்டே சீட்டு. உங்கள் இரண்டை நீக்கினால், மீதி 50இலிருந்து 1,225 ஜோடிகள் அமையலாம். நம்மூர்ப் பூட்டுக்கு ஒரே சாவி என்பதுபோல், கற்றுக்குட்டி அவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'இதுதான்' என்பார். தேர்ந்தவரோ எல்லா ஜோடிக்கும் ஓர் எடை வைத்து, எதிராளி பந்தயத்தை உயர்த்தும்போதும் சும்மா தொடரும்போதும் அந்த எடைகளை மாற்றிக்கொண்டே வருவார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிபரட்டஸ் என்ற கணிப்பொறி நிரல், 2017இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இதில் பலவீனமான இடம் அந்த 'ஐந்துக்கு ஒன்று'. அது ஆளோடு பழகியதால் கிடைக்கும் எண். உங்கள் எட்டை வரவழைக்க ஆறைத் தூண்டிலாகப் போடுபவர் யார் என்பது மரத்தடியில் எல்லோருக்கும் தெரியும். செல்பேசித் திரையில் வருபவர் யாரோ! அவர் தாமதித்தால் யோசிக்கிறாரா, இணையத் தொடர்பு நின்றுவிட்டதா? ஏழு உள்ளவரும் இல்லாதவரும் ஒரேபோல் ஆறை இறக்கினால், 35 அப்படியே 35ஆக நிற்கும்.

இந்தக் கணக்கு நீதிமன்றப் படியும் ஏறியது. விழும் சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதை வைத்து எதைக் கழிப்பது என்பதற்கும் திறமை வேண்டும் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பற்றிக் கூறியது. இணைய ரம்மியையும் போக்கரையும் தடுத்த தமிழகச் சட்டப் பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோதும் திறமையே பேசப்பட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை அடியோடு தடை செய்தது.

திறமை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது காசாகும் என்பது வேறு கணக்கு. ஆளுக்கு 100 ரூபாய் வைத்து, ஆட்டம் நடத்துபவர் பத்தில் ஒரு பங்கு எடுத்தால், வென்றவருக்கு 180தான். போட்ட முதல் தேறவே நூறு ஆட்டத்தில் 56 வெல்ல வேண்டும். சம திறமையுள்ள இருவர் நாள் கணக்கில் ஆடினால் இருவர் பையும் இளைக்கும்.

காசில்லாமல் வீட்டில் செய்து பாருங்கள். ஆட்டம் முடியுமுன் ஒரு நோட்டில், "எதிராளியிடம் இஸ்பேடு ராணி, நூற்றுக்கு 70" என்று எழுதுங்கள். முடிந்ததும் அவர் கையைத் திறந்து சரியா, தவறா என்று குறியுங்கள். ஐம்பது ஆட்டம் ஆனபின், 70 என்று எழுதியவற்றை மட்டும் தனியே எண்ணுங்கள். பத்துக்கு ஏழு பலித்திருக்க வேண்டும். நான்குதான் என்றால், உங்கள் 70ஐ இனி 40 என்று எழுதிப் பழகுங்கள்.