வெளிச்சத்தில் செய்தி, நடுவில் ஒரு மீன்

கடலுக்கடியில் வைஃபை சில சென்டிமீட்டரைத் தாண்டாது. உப்புநீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். ஒலி பல கிலோமீட்டர் போகும், ஆனால் வீடியோவைச் சுமக்கும் தெம்பு அதற்கில்லை. மிஞ்சுவது ஒளி. அதிலும் நீலமும் பச்சையும்தான். சிவப்பைத் தண்ணீர் சீக்கிரமே உறிஞ்சிவிடும்.

2020இல் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘அக்வா-ஃபை’யை அறிமுகப்படுத்தினார்கள். முக்குளிப்பவரின் செல்போன் அவர் உடலில் கட்டிய ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியோடு ரேடியோவில் பேசும். அது பச்சை எல்.இ.டி. அல்லது லேசர் வழியாக மேலே உள்ள கணினிக்குத் தகவலை அனுப்பும். சோதித்தது அசையாத நீரில், சில மீட்டர் இடைவெளியில். கடல் அப்படிச் சும்மா இருக்குமா?

தெளிந்த பெருங்கடல் நீரில் 5 மீட்டர் கடந்தபின் ஒளிக்கற்றையில் ஏறக்குறைய பாதி மிஞ்சும். துறைமுகக் கலங்கலில் அதே தூரத்துக்கு லட்சத்தில் இரண்டு பங்குகூடத் தேறாது. லேசரைக் குறுக்கினால் தூரம் கூடும், ஆனால் கருவி கொஞ்சம் ஆடினாலே குறி தப்பும். எல்.இ.டி.யின் அகன்ற ஒளி குறி தப்பாது, தூரம் குறையும்.

இதைவிடத் தொல்லை, திடீர்த் தடைகள். விநாடிக்கு 1 கோடி பிட் ஓடும் இணைப்பைக் குமிழிக் கூட்டம் ஒன்று விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மறைத்தாலே 10,000 பிட் சேர்ந்தாற்போல் போய்விடும். பிழைதிருத்தக் குறியீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமான பிழைகளைச் சமாளிக்கும். மொத்தமாக விழும் ஓட்டையில் திணறும். அதனால் அனுப்பும்போதே பிட்டுகளின் வரிசையைக் கலைத்துவிடுகிறார்கள். மறுமுனையில் வரிசை சீரானதும் பெரிய ஓட்டை சிறு பிழைகளாகச் சிதறியிருக்கும், குறியீடு பார்த்துக்கொள்ளும். பதிலுக்குத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மீன் ஒன்று கற்றையை மறித்து நின்றுவிட்டால் இந்த வித்தையும் பலிக்காது.

வேகச் சாதனைகளுக்குத்தான் தலைப்புச் செய்தி கிடைக்கிறது. எனக்கென்னவோ உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் வழிதான் விவேகமாகப் படுகிறது. ஒளியையும் ஒலியையும் ஒரே அமைப்பில் சேர்க்கும் திட்டத்தை அந்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இலேயே முன்வைத்தார்கள். கடலடி ரோபோ பக்கத்தில் இருக்கும்போது படங்கள் ஒளியில் வரும். ரோபோ கிளப்பிய சேற்றில் அது அறுந்தாலும் ‘நில்’, ‘திரும்பு’ என்ற கட்டளைகள் ஒலியில் போய்ச் சேரும்.

மாதக்கணக்கில் கடலடியில் கிடக்கும் கருவிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கண்ணாடியில் பாசி படியும். சில கருவிகளில் அதற்கென்றே வைப்பர் இருக்கிறது, சிலவற்றில் புற ஊதா விளக்கு.