கம்பி மோதல் (வேளாண் வான்பறப்பு)

கம்பி மோதல் என்பது தாழ்வாகப் பறக்கும் வானூர்தி ஒன்று மின்கம்பி, தொலைபேசிக் கம்பி போன்றவற்றில் மோதுவதால் நிகழும் விபத்து ஆகும். பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் உலங்கு வானூர்திகள் (எலிகாப்டர்) எதிர்கொள்ளும் முதன்மையான இடர்களுள் இதுவும் ஒன்று.

பின்னணி

1946 இல் ஐக்கிய அமெரிக்காவில் குடிசார் பயன்பாட்டுக்கான சான்றிதழ் பெற்ற பெல் 47 வகை உலங்கு வானூர்தி, பின்னர் மருந்து தெளிப்புக்கும் பரவலாகப் பயன்பட்டது. ஓடுபாதை தேவைப்படாமை, சிறிய வயல்களிலும் திரும்ப இயலுதல் ஆகியன உலங்கு வானூர்தியின் சிறப்புகளாகும். மருந்து காற்றில் அடித்துச் செல்லப்படாதிருக்க, பயிருக்குச் சில மீட்டர் உயரத்திலேயே பறக்க வேண்டும். வயல்களைக் கடக்கும் கம்பிகளும் ஏறத்தாழ அதே உயரத்தில் செல்கின்றன.

விபத்து நிகழும் விதம்

சுற்றகத் தண்டிலோ, இதழ்களின் சாய்வை மாற்றும் உறுப்புகளிலோ கம்பி சிக்கினால் விமானி கட்டுப்பாட்டை இழக்கிறார். வால் சுற்றகம் சேதமுற்றால் ஊர்தியின் உடற்பகுதி சுழலத் தொடங்கும். பொறி நின்றுவிட்டால், மேலெழும் காற்றால் சுற்றகத்தைச் சுழலச்செய்து தரையிறங்கும் முறை உண்டு. எனினும் அதற்குப் போதிய உயரமோ வேகமோ தேவை. தெளிப்பின்போது உயரம் இல்லை. வயலின் ஓரத்தில் திரும்பும்போது வேகமும் குறைகிறது.

அறிந்த கம்பிகள்

கம்பி கண்ணுக்குத் தெரியாததே விபத்துக்குக் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இது முழு உண்மையன்று. ஆத்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்துக்கு 2001 முதல் 2010 வரை தெரிவிக்கப்பட்ட 180 கம்பி மோதல்களில் 100 வேளாண் பறப்பின்போது நிகழ்ந்தவை. மோதிய விமானிகளில் 63 விழுக்காட்டினர் அக்கம்பி இருக்குமிடத்தை முன்னரே அறிந்திருந்தனர் என்று அப்பணியகத்தின் ஆய்வு காட்டியது. காற்றின் திசை, தெளிப்பின் எல்லை, மருந்தின் அளவு ஆகியவற்றில் கவனம் செல்லும்போது, சற்றுமுன் கடந்த கம்பியே நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. விடுபட்ட பகுதிகளுக்கு இறுதியில் வேறு திசையில் பறந்து தெளிக்கும்போதும் இவ்விடர் மிகுதி.

தடுப்பு முறைகள்

* தெளிக்கும் முன் வயலைச் சுற்றிப் பறந்து கம்பிகளைக் குறித்துக்கொள்ளல். கம்பியைவிடக் கம்பங்கள் எளிதில் தென்படும். அவற்றைக்கொண்டு கம்பி செல்லும் திசையை அறியலாம்.
* திட்டம் மாறினால் இடர்களை மீண்டும் ஆராய்தல்.
* கம்பி வெட்டிகளைப் பொருத்துதல். 1970களில் கனடாவில் உருவாக்கப்பட்ட இக்கருவி, ஊர்தி போதிய வேகத்தில் முன்னோக்கிச் செல்லும்போதே கம்பியை அறுக்கும். வால் பகுதிக்கு இது காப்பளிப்பதில்லை.

விமானி இன்றியே தெளிக்கும் ஆளில்லா உலங்கு வானூர்திகளை சப்பானின் யமகா நிறுவனம் 1987 முதல் விற்பனை செய்தது. இவற்றிலும் கம்பி மோதல் நிகழக்கூடும். ஆயினும் ஊர்தியில் உயிரிழக்க எவரும் இல்லை.