அந்நிய நாட்டு வாடகை வீட்டில் அடுப்பு பழுதானால்...

அடுப்பு மூட்டுவதற்கு எமது பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்த இடமெல்லாம் மூன்று கல்லை வைத்து உலை ஏற்றியவர்கள் அவர்கள். தறப்பாள் கொட்டிலிலும், பாடசாலை விறாந்தையிலும், 2009 இல் மெனிக்பாம் முகாமிலும் ஈர விறகை ஊதி ஊதிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்தவர்கள். "இருப்பதை வைத்துச் சமாளிப்போம்" என்பது அந்த நாட்களில் எம்மைக் காப்பாற்றிய பழக்கம்.

அதே பழக்கம் வேறொரு இடத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். திருமணமாகியும், குடும்பத்தோடு சேர்ந்தும், அகதியாகவும் வெளிநாடு போன எமது சகோதரிகளும் மகள்மாரும் பெரும்பாலும் வாடகை வீடுகளில்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். அங்கே குசினியில் இருக்கும் காஸ் குக்கர் அவர்களுடையதல்ல; வீட்டுக்காரருடையது. அது பழுதானால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்ற பயத்திலேயே பலர் வாயைத் திறப்பதில்லை. எமது மக்கள் பெருமளவில் வாழும் லண்டனை முக்கிய உதாரணமாகக் கொண்டு இந்த விடயத்தைப் பார்ப்போம்.

மஞ்சள் நெருப்பு சொல்லும் செய்தி

இத்தகைய வீடுகளில் நடப்பதை ஒரு சகோதரியின் கதையாகச் சொல்லலாம். கடைக்கு மேலே உள்ள இரண்டு அறை வீடு. கணவன் இரவு வேலை. நான்கு அடுப்பில் இரண்டு மஞ்சளாக எரிகிறது. புதிதாக வாங்கிய சட்டியின் அடி ஒரு கிழமையில் கரி பிடித்துவிட்டது. மாலையில் சமைத்து முடித்தால் தலையிடியும் பிரட்டலும். குளிர் தாங்காமல் சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தைப் பழைய துணியால் அடைத்தும் விட்டார்கள். ஊருக்கு ரெலிபோன் எடுக்கும்போது தாயிடம் சொல்கிறாள்.

"அம்மா, அடுப்பு மஞ்சளா எரியுது. சட்டியெல்லாம் ஒரே கரி."

"உதுக்கெல்லாம் வீட்டுக்காரரோட கொழுவாதை பிள்ளை. நாங்கள் விறகில சமைக்கேல்லையே?"

தாயின் மனதில் தவறில்லை. ஆனால் அந்த ஒப்பீடு பிழையானது. எமது விறகடுப்பு எரிந்தது நாலாபக்கமும் காற்று வந்துபோகும் கொட்டிலில். புகை கண்ணைக் கரித்தது. இருமல் வந்ததும் நாம் வெளியே வந்தோம். குளிர் நாட்டு வீடு அப்படியல்ல. ஜன்னல், கதவு எல்லாம் இறுக மூடியிருக்கும். காஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எமது விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்தோமே, அதுதான். இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டவேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடியுடன் இது ஒட்டிக்கொள்ளும். அதனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடம்பு ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும்.

காஸ் சரியாக எரிந்தால் நெருப்பு நீலமாக இருக்கும். உப்புத்தண்ணீர் பொங்கி வழிந்து ஒருகணம் மஞ்சள் தெறித்தால் பயமில்லை. தொடர்ந்து மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ எரிந்தாலும், சட்டியிலும் சுவரிலும் கரி படிந்தாலும், ஜன்னல் கண்ணாடியில் வழக்கத்துக்கு மாறாக நீர் வடிந்தாலும் அந்த அடுப்பைப் பாவிக்கக் கூடாது.

தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, அசதி ஆகியவை நச்சு வாயுவின் அறிகுறிகள். தடிமன் காய்ச்சல் போலத் தோன்றும். ஆனால் உடம்பு சுடாது. வெளியே போனால் குறைந்து, வீட்டுக்கு வந்தால் திரும்பவும் வந்தால், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், சந்தேகப்பட வேண்டியது அடுப்பையும் சூடாக்கும் இயந்திரத்தையும்தான். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். உடனே அடுப்பை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து மருத்துவ உதவி பெறவேண்டும். ஒருவர் மயங்கினால் பிரித்தானியாவில் 999 ஐ அழைக்க வேண்டும்.

நாமே செய்யக்கூடியது எது?

எல்லாப் பழுதுக்கும் ஆள் தேவையில்லை. சோற்றுக் கஞ்சியும் பாலும் பொங்கி வழிந்து அடுப்பின் சிறு துவாரங்களை அடைப்பது எமது சமையலில் சர்வசாதாரணம். அடுப்பு நன்றாக ஆறிய பின்னர் மேல் மூடியையும் வளையத்தையும் எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சரியான இடத்தில் அசையாமல் பொருத்த வேண்டும். மூடி சற்றுச் சரிந்திருந்தாலே நெருப்பு மஞ்சளாகும். கழுவிய பின் "டிக், டிக்" என்று பொறி மட்டும் வந்து பற்றாவிட்டால், பொறி வரும் முனை ஈரமாக இருக்கலாம். காயவிட்டுப் பாருங்கள்.

குமிழை அமத்திப் பிடிக்கும்வரை எரிந்து, கையை எடுத்ததும் அணைந்தால் அது வேறு விடயம். நெருப்பின் அருகில் ஒரு சிறு உலோக முனை இருக்கும். அது சூடாகும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்சாரம்தான் காஸ் வரும் வழியைத் திறந்து வைத்திருக்கிறது. நெருப்பு அணைந்தால் முனை ஆறி, காஸ் தானாக நின்றுவிடும். அந்த முனை பழுதானால்தான் இப்படி அணைகிறது. சிலர் குமிழுக்குக் கரண்டியை முட்டுக்கொடுத்தும், கயிற்றால் கட்டியும் சமைக்கிறார்கள். உயிரைக் காக்க வைத்த பூட்டை நாமே உடைப்பது போன்றது இது. ஒருபோதும் செய்யாதீர்கள்.

குழாய், இணைப்பு, வால்வு எதிலும் கைவைக்கக் கூடாது. இரண்டு அடுப்பை மூடும் பெரிய கிடாரத்தை வைத்துச் சமைப்பதும், அடுப்பைச் சுற்றி வெள்ளித்தாள் விரிப்பதும் காற்றோட்டத்தைத் தடுக்கும். குளிர் காய்வதற்கு அடுப்பை எரியவிடுவதும், காற்றுத் துவாரத்தை அடைப்பதும் கூடவே கூடாது.

இன்னொன்று: இலங்கையில் சிலிண்டரில் வரும் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படியும். லண்டனில் குழாயில் வருவது மெதேன் கூடிய இயற்கை எரிவாயு. இலேசானது, மேலே எழும்பும். ஒன்றுக்குச் செய்த அடுப்பை மற்றதற்கு அப்படியே பாவிக்க முடியாது. மலிவாகக் கிடைத்த பழைய அடுப்பைத் தெரிந்த பையனைக் கொண்டு பூட்டுவது ஆபத்தானது.

சட்டம் யார் பக்கம்?

பிரித்தானியாவின் 1998 ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டுக்காரர் கொடுத்த காஸ் குக்கரையும் குழாயையும் பாதுகாப்பாக வைத்திருப்பது அவரது கடமை. 12 மாதத்துக்கு ஒரு தடவை அவற்றைச் சோதிப்பித்து, அதன் அறிக்கையின் பிரதியை 28 நாட்களுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு வீட்டுக்குள் போவதற்கு முன்னரே கொடுக்க வேண்டும். ஒருவரின் வீட்டில் அறை மட்டும் எடுத்திருப்பவருக்கும் இது பொருந்தும். அடுப்பு எமது சொந்தமானால் அதைச் சோதிப்பிப்பது எமது பொறுப்பு.

சோதிப்பவரும் திருத்துபவரும் "காஸ் சேஃப்" பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஏப்ரலுக்கு முன்னர் "கோர்ஜி" என்ற பெயரில் இருந்த பதிவுக்குப் பதிலாக வந்தது இது. அவரிடம் படத்துடன் கூடிய அட்டை இருக்கும். முன்பக்கத்தில் பதிவிலக்கமும் முடிவுத் திகதியும், பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலை செய்யத் தகுதியானவர் என்பதும் இருக்கும். அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எப்படிக் கேட்பது?

எமது சகோதரி முதலில் வாயால் சொன்னாள். வீடு பார்க்கும் முகவர் "பார்ப்போம்" என்றார். மூன்று கிழமை போனது. பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் சொன்ன பின்னரே எழுத்தில் கொடுத்தாள். மஞ்சள் நெருப்பையும் கரிபிடித்த சட்டியையும் படம் எடுத்தாள். திகதி, எந்த அடுப்பு, எப்போதிருந்து, வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்பதை நாலு வரியில் எழுதி, "இவ்வருடக் காஸ் சோதனை அறிக்கையின் பிரதியை அனுப்புங்கள்" என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கைத்தொலைபேசியில் அனுப்பினாள். அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. இரண்டாம் நாள் திருத்துநர் வந்தார். அடுப்பில் "பாவிக்க வேண்டாம்" என்ற எச்சரிக்கைச் சீட்டை ஒட்டி இணைப்பைத் துண்டித்தார். புதிய அடுப்பு வரும்வரை மின்சார அடுப்பொன்றைத் தரும்படி கேட்டு வாங்கினாள். துணி அடைத்த துவாரமும் அன்றே திறக்கப்பட்டது.

எல்லோருக்கும் இவ்வளவு விரைவில் நடக்காது. பதில் வராவிட்டால் உள்ளூர் கவுன்சிலின் வீட்டுச் சுகாதாரப் பகுதிக்கு முறையிடலாம். 2004 ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் கீழ் வீட்டைப் பரிசோதித்துத் திருத்தும்படி கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. "ஷெல்டர்", "சிட்டிசன்ஸ் அட்வைஸ்" ஆகிய அமைப்புகள் இலவசமாக ஆலோசனை தருகின்றன. கோபத்தில் வாடகையை நிறுத்த வேண்டாம். அது எம்மையே குற்றவாளியாக்கும்.

எழுப்பிவிடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. முறையிட்டவர்களைக் காரணமே சொல்லாமல் எழுப்பிய வீட்டுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2025 இல் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம், காரணம் சொல்லாமல் எழுப்பும் நடைமுறைக்கு 2026 மே 1 ஆம் திகதியோடு முடிவு குறித்தது. ஆயினும் வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருப்பவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. அத்தகையோர் முதலில் ஆலோசனை பெற்று அடியெடுத்து வைப்பது நல்லது. முறையான விசாவில் இருப்பவர் அடுப்பைத் திருத்தித் தரும்படி கேட்பதால் விசா பறிபோகாது.

தனித்திருக்கும் பெண்களுக்கு இன்னொரு தயக்கம் உண்டு. முன்பின் தெரியாத ஆண் வீட்டுக்குள் வருவது, சோதனையும் தேடுதலும் கண்ட எமது பெண்களுக்குச் சிறிய விடயம் அல்ல. அவசரம் இல்லாத வேலைக்கு முன்கூட்டியே நேரம் அறிவிக்கும்படி கேட்கலாம். பொருந்தாத நேரத்தை மாற்றச் சொல்லலாம். அயலவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம்.

கனடாவின் ஒன்ராறியோவிலும் சட்டம் இப்படித்தான். 2006 ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, வீட்டோடு கொடுத்த அடுப்பைத் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. செய்யாவிட்டால் வீட்டுக்காரர் வாடகையாளர் சபைக்கு விண்ணப்பிக்கலாம்.

வெட்டி வைத்துக்கொள்ள...

காஸ் மணத்தால்:

1. நெருப்புக்குச்சி, லைட்டர் பற்றவைக்க வேண்டாம். மின்விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

2. கதவு, ஜன்னல்களைத் திறவுங்கள். மீற்றருக்கு அருகிலுள்ள பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் காஸ் நிற்கும். குடிவந்த அன்றே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

3. எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே நின்று 0800 111 999 ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம். ஆங்கிலம் வராவிட்டாலும் "ஐ ஸ்மெல் காஸ்" என்ற மூன்று சொல்லையும் வீட்டு விலாசத்தையும் மனப்பாடம் செய்யுங்கள். வருபவர் ஆபத்தை நீக்கிவிட்டுப் போவார். அடுப்பைத் திருத்துவது அவர் வேலை அல்ல.

4. காபன் மொனொக்சைட்டு அறிவிப்பான் ஒன்றை வாங்கி வையுங்கள். 2022 ஒக்டோபர் முதல் இங்கிலாந்தில் வீட்டுக்காரர் இதைப் பூட்ட வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் காஸ் குக்கர் மட்டும் இருக்கும் அறைக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே குசினிக்கு நாமே வாங்க வேண்டியிருக்கலாம்.

சகோதரிகளே, 2021 இன் கடைசி மாதங்களில் இலங்கையில் சிலிண்டர் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது, அடுப்படியில் பொறுத்துப்போவது எவ்வளவு ஆபத்து என்பதை நாமும் கண்டோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கடைசியில் கேட்பது தாயின் சொல்லைத்தான். "பொறுத்துப் போ" என்று சொல்லும் இடமும் உண்டு. இது அந்த இடமல்ல. அடுத்தமுறை பிள்ளை கதைக்கும்போது, சமைத்தாயா, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, அடுப்பு என்ன நிறத்தில் எரிகிறது என்றும் கேளுங்கள். மஞ்சள் என்று சொன்னால், அன்றைக்கே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.