ஓட்டு வீட்டு மரத்தில் ஒரு தலைமாட்டுப் பலகை



பழைய சேலையில் மிதியடி, கிழிந்த ஜீன்ஸில் பை, உடைந்த வளையலில் தோரணம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ படித்துச் செய்து பார்த்திருக்கிறோம். மர வேலை பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று விட்டுவிடுகிறோம். கட்டிலை நகர்த்திப் பெருக்குவதும், மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊற்றுவதும், படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைத் தூக்கி உட்கார வைப்பதும் நாம்தானே? அப்புறம் அந்தக் கட்டில் எப்படி இருக்கணும் என்று சொல்லவும் செய்யவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் நடுத்தர வீடுகளில் பெரும்பாலும் தலைமாடு இல்லாத வெறும் இரும்புக் கட்டில்தான். நாலு கால், ஒரு சட்டம், மேலே பிளைவுட். விலை குறைவு, தூக்கவும் சுலபம். ஆனால் உட்கார்ந்து சாய்ந்தால் முதுகு நேராகச் சுவரில். சுவரில் தலை எண்ணெய்க் கறை, முதுகில் சுண்ணாம்பு. வாடகை வீடு என்றால் காலி செய்யும்போது அதற்கும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தலையணை நழுவி விழுவது தனிக்கதை.

இளவட்டங்களுக்கு இது சின்னத் தொந்தரவு. முதியவர்களுக்கு அப்படியில்லை. என் மாமியாருக்கு இருதயக் கோளாறு. மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கும். சாய்ந்து உட்கார்ந்தால்தான் ஆசுவாசம். (இப்படி இருந்தால் தலையணையை உயர்த்திவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது தோழிகளே, டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.) மூன்று தலையணை வைத்தாலும் நடுராத்திரியில் ஒவ்வொன்றாக நழுவும். அத்தை என்னை எழுப்பக் கூசிக்கொண்டு, இருட்டில் கட்டில் ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அதனால்தான் எங்களுக்குத் தலைமாட்டுப் பலகை அவசியமானது. கடையில் நாலாயிரத்துக்குக் குறையவில்லை. மருந்துச் செலவு போக எங்கள் கையில் அந்த மாதம் மிஞ்சியது ஆயிரம் ரூபாய்.

மரம் எங்கே கிடைக்கும்?

நம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடு கட்டுகிறார்கள். கைமரம், ரீப்பர், கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் பழைய கட்டிடச் சாமான் கடைகளுக்கு வருகின்றன. இவை பல வருஷம் காய்ந்த மரம் என்பதால் இனிமேல் கோணாது, முறுக்காது. லாரி பாடி கட்டுவதற்குப் பேர் போன நாமக்கல்லில், பிரித்த பழைய லாரிகளின் தளப்பலகையும் விசாரித்தால் கிடைக்கும். அது கனத்த, உறுதியான பலகை. ஆனால் என்னென்ன சரக்கு ஏற்றினார்களோ தெரியாது. எண்ணெய், பூச்சிமருந்து வாடை வந்தால் வாங்காதீர்கள்.

ஏற்காடு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரமும் மலிவுதான், இழைக்கவும் எளிது. ஆனால் பூச்சிக்கு அவ்வளவாகத் தாங்காது.

வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டி மரத்தைச் சிலர் வாங்குகிறார்கள். அதில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும். பக்கத்தில் 'எச்.டி.' என்று இருந்தால் சூடுபடுத்திப் பதப்படுத்தியது, வீட்டுக்கு ஆகும். 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, தலைமாட்டுக்கு வேண்டாம்.

எங்களுக்கு மரம் வீட்டிலேயே கிடைத்தது. அத்தை வாழ வந்த ஓட்டு வீட்டைப் பிரித்தபோது கைமரமெல்லாம் கொல்லையில் அடுக்கிக் கிடந்தது. கொழுந்தனார் செங்கல் சூளைக்கு விறகாகப் பேசி முடித்துவிட்டார். லோடு ஏற்ற ஆள் வந்த அன்று அத்தை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அதுல வேப்பங்கை நாலு மட்டும் எடுத்து வெச்சுட்டுப் போங்க சாமி. எம் மாமனாரு கிணத்து மேட்டு மரத்த வெட்டிப் போட்டது" என்றார். விறகு விலையில் அந்த நாலு கட்டைக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஆனாலும் கொழுந்தனார் முகம் சுளித்தார். "சும்மா வேண்டாங்க தம்பி, விலைக்கே எடுத்துக்கறேன்" என்று 300 ரூபாய் கொடுத்தேன். அப்புறம் பேச்சில்லை.

மரத்தைப் பார்த்து எடுப்பது

முதலில் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல மரம். பொத்தென்று வந்தால் உள்ளே கரையான் அரித்திருக்கும். குண்டூசி முனை அளவு துளையும், மாவு மாதிரி தூளும் இருந்தால் உளுத்தது, வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். வெளுத்த ஓரத்தைத்தான் பூச்சி விரும்பும். நடுவில் இருக்கும் வைரம் பாய்ந்த பாகம் தாங்கும். பனங்கை வேண்டவே வேண்டாம். எவ்வளவு இழைத்தாலும் சிலாம்பு குத்தும். வேப்ப மரத்தில் கட்டில் கூடாது என்று சில குடும்பங்களில் சொல்வார்கள், பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடித்த பழைய கதவென்றால் ஒரு எச்சரிக்கை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பெயின்ட் படாத மரமாகப் பார்த்து எடுப்பது உத்தமம்.

அறுவை மில்லுக்குக் கொண்டு போகும் முன் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். ஒளிந்திருக்கும் ஆணியைக் கண்டுபிடிக்கப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று போதும். மரத்தின் மேல் மெதுவாக நகர்த்தினால் ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். மில்லில் ஆணி பட்டு வாள் போனால் அதற்கான காசை நம்மிடம்தான் கேட்பார்கள்.

அளவும் கணக்கும்

4 அடி அகலக் கட்டிலுக்குக் கணக்குச் சொல்கிறேன்.

பலகை 5: ஒவ்வொன்றும் 4 அடி நீளம், 4 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம்.

நிற்கும் சட்டம் 2: ஒவ்வொன்றும் மூன்றரை அடி நீளம், 3 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம்.

மரக்கடையில் கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். இந்தக் கணக்கில் பலகைகளுக்கு 0.42, சட்டங்களுக்கு 0.22, ஆக 0.64 கன அடி. சேதாரத்துக்கும் சேர்த்து முக்கால் கன அடி போதும். இதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால், "ஒன்றரை கன அடி ஆகும்மா" என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

உயரம் முக்கியம். தரையிலிருந்து மெத்தை மேல்பாகம் வரை எங்கள் வீட்டில் 20 அங்குலம். முதல் பலகை மெத்தைக்கு 2 அங்குலம் கீழே தொடங்க வேண்டும், அப்போதுதான் தலையணை நழுவாது. 5 பலகையும், நடுவில் அரை அங்குல இடைவெளி நாலும் சேர்த்து 22 அங்குலம். ஆக, தரையிலிருந்து பலகையின் உச்சி 40 அங்குலம். சட்டத்தை அந்த அளவுக்கு அறுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், குழந்தைகள் கைவிரல் மாட்டிக்கொள்ளும்.

செய்யும் முறை

பலகைகளை மில்லிலேயே அறுத்து இழைத்து வாங்கிவிடுங்கள். வீட்டில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளும், பிறகு 120-ஆம் நம்பரும் போட்டுத் தேய்த்தால் போதும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மேல் ஓரத்தையும் நாலு மூலையையும் கூர் போக உருட்டித் தேய்க்க வேண்டும்.

தரையில் பாய் விரித்து, பலகைகளைக் கவிழ்த்து வரிசையாக அடுக்குங்கள். இடைவெளி ஒரே சீராக வர நடுவில் அரை அங்குலத் துண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். சட்டங்களை இரண்டு ஓரத்திலும், கட்டில் கால்களுக்கு நேராக வைத்துப் பின்பக்கமிருந்து 2 அங்குல ஸ்குரு போட வேண்டும். சட்டத்தின் ஒன்றரை அங்குலம் தாண்டிப் பலகைக்குள் அரை அங்குலம் ஏறும், முன்னால் வெளியே வராது. ஸ்குருத் தலை முன்னால் தெரியாததால் தலைமுடி மாட்டாது. சாயும்போது பாரம் பலகையைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்துவதால் அரை அங்குலப் பிடிப்பே போதும். ஒரு மூட்டுக்கு 2 வீதம் 20 ஸ்குரு ஆகும். முதலில் துளை போட்டு, ஸ்குருவைச் சோப்பில் தேய்த்து முடுக்கினால் மரம் வெடிக்காது. துளைபோடும் மிஷினை எலக்ட்ரீஷியன் தம்பியிடம் அரை நாள் இரவல் கேட்கலாம்.

கட்டிலோடு இணைக்க வெல்டிங் தேவையில்லை, யு-போல்ட் போதும். லாரி பட்டைக்கு மாட்டும் யு-போல்ட்டின் தங்கச்சி மாதிரி சின்ன அளவிலும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். காலின் குழாய் அளவை நூலால் அளந்து எடுத்துப் போங்கள். குழாயும் சட்டமும் தாண்டி நட்டு போட வேண்டும் என்பதால் போல்ட்டின் கால் 4 அங்குலமாவது இருக்கட்டும். கட்டில் காலுக்குப் பின்னால் சட்டத்தை நிறுத்தி, ஒரு பக்கத்துக்கு 2 வீதம் 4 போல்ட். சுவரில் ஒரு ஓட்டை கிடையாது. வீடு மாறும்போது நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்.

பூச்சு வேலையும் பாதுகாப்பும்

வார்னிஷ் 2 கோட் போதும். வெளியில், நிழலில் ஒரு வாரம் காய்ந்து வாடை முழுக்கப் போன பிறகே மூச்சுத் தொந்தரவு உள்ளவர் அறைக்குக் கொண்டு போக வேண்டும். ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

சட்டத்தின் அடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டை ஒட்டினால் ஈரமும் ஏறாது, கரையானும் சட்டென்று தொற்றாது. மூட்டைப்பூச்சி ஒளிவது பலகை இடுக்கிலும் ஸ்குருத் துளையிலும்தான். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கண்டால் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய பழக்கம் வேண்டாம், ஒரு தீக்குச்சி போதும் விபரீதத்துக்கு.

செலவுக் கணக்கு

மரம் 300, அறுக்கவும் இழைக்கவும் 200, ஸ்குரு 60, யு-போல்ட் நாலு 160, உப்புத்தாள் 40, வார்னிஷ் 160. மொத்தம் 920 ரூபாய். ஊருக்கு ஊர் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

வேலை நடந்த 2 நாளும் எங்க வீட்டுக்காரர் வெளியூர் லோடு போயிருந்தார். நானும் பத்தாவது படிக்கும் மகளும்தான் செய்தோம். வழியாகப் போன ஆசாரி அண்ணன் எட்டிப் பார்த்து, "மூலைமட்டம் வெச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். வைத்துக் காட்டினோம். ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனார். என் மகளுக்கு அதுவே பெரிய சர்டிபிகேட்.

அத்தை பலகையைத் தடவிப் பார்த்தார். "இதுக்குக் கீழதான் உங்க வீட்டுக்காரரு பொறந்தாரு" என்று மட்டும் சொன்னார். பலகை வந்தபின் தலையணை நழுவுவதில்லை. இரவில் ஒரே ஒருமுறைதான் எழுந்திருக்கிறேன், அதுவும் மாத்திரை கொடுக்க.

தோழிகளே, உங்கள் ஊரில் ஓட்டு வீடு பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், விறகு வண்டி வருவதற்கு முன் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க் கட்டில் வாங்க முடியாத வீட்டிலும் ஒரு பெரியவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரலாம். கயிற்றுக் கட்டிலுக்கு இப்படித் தலைமாடு பொருத்தும் வழி யாருக்காவது தெரிந்தால் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

— ஒரு வாசகி, ராசிபுரம்.