பழைய வீடு வாங்கினால் அதன் கழிவுநீருக்கு யார் பொறுப்பு?

செலையூர், சிட்லபாக்கம், முடிச்சூர் பக்கம் பழைய தனிவீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. குடிபோன பிறகு வரும் முதல் ஐப்பசி மழையில் கழிவறைத் தண்ணீர் எதிர்த்து ஏறும். அப்போதுதான் கேள்வி வருகிறது: இது பழைய ஓனர் செய்துவைத்த கோளாறு, அவர்தானே சரிசெய்ய வேண்டும்?

மாநகராட்சிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, பாதாளச் சாக்கடை எல்லாத் தெருக்களுக்கும் வந்திருக்கவில்லை. வராத இடங்களில் சிலர் செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதை மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டார்கள். வடிகால் ஏரிக்குப் போகிறது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள் கெட்டதில் இப்படிப்பட்ட கழிவுநீருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் குழாயைப் போட்டவர் யார் என்று அதிகாரி தேடிக்கொண்டிருக்க மாட்டார். இன்று அதில் யார் வீட்டுத் தண்ணீர் வருகிறதோ அவருக்குத்தான் நோட்டீஸ். உங்கள் தொட்டியின் கசிவு பக்கத்து வீட்டுக் கிணற்றில் கலந்தாலும் இதேதான்: தெரிந்தபின் விட்டுவைத்தால் குற்றம் உங்களுடையது.

அப்படியானால் விற்றவர் தப்பித்துவிடுகிறாரா? முழுதாக இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 55-ஆம் பிரிவில், முக்கியமான குறையை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டிய கடமையை விற்பவருக்கு விதிக்கிறது. ஆனால் அந்தக் குறை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். சிக்கல் இந்தக் கடைசி நிபந்தனையில்தான். மூடியைத் தூக்கினாலே தெரிந்திருக்கும் என்றால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். புதிதாக டைல்ஸ் போட்டு உடைந்த குழாயை மறைத்திருந்தால் வலுவாகும். அவருக்கு முன்பே தெரியும் என்பதற்குப் பழைய பிளம்பர், கழிவுநீர் லாரிக்காரர், எதிர்வீட்டுக்காரர் ஆகியோரின் வார்த்தை உதவும். பொதுவாக மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். மோசடியாக மறைத்திருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. 'உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்' என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் வழி இன்னும் குறுகும். வழக்கமாகப் பத்திரத்தில் விற்பவர் தரும் உறுதிமொழிகள் உரிமையையும் கடனையும் பற்றியவை, குழாயைப் பற்றியவை அல்ல.

விற்பனை நாள் வரையிலான சொத்துவரி, பாதாளச் சாக்கடைக் கட்டண பாக்கி விற்றவருடையது. பெயர்மாற்றத்துக்கு முன் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரெரா சட்டத்துக்கு உட்பட்ட அடுக்குமாடி என்றால், ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதாக வாங்கியவரும் கேட்கலாம்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாத வீடுகளும் உண்டு. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் வீடு தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்துகிறார்கள். சுரண்டிவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். ஏற்கெனவே தாழ்ந்துபோன வீட்டுக்கு அதனால் பயனில்லை.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு பிளம்பரோடு போங்கள். கழிவறையில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி அது எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். கண்டதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி, சரிசெய்யும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு அடைப்பு என்றால் தொட்டிக்குள் ஆளை மட்டும் இறக்காதீர்கள். மனிதக் கழிவைக் கையால் அகற்ற ஆள் வைப்பதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் இறக்கும் வீட்டு உரிமையாளருக்கும் முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்தத் தொட்டிகளில் விஷவாயு தாக்கி இறந்தவர்கள் ஏராளம். உரிமம் பெற்ற லாரியைக் கூப்பிடுங்கள்.