கூரையும் குளமும்: யாழ்ப்பாண நகர நீர்வழங்கலில் அரசின் பொறுப்பு

நகரத்து நீர்வழங்கல் பற்றிப் பேசுவோர் பொதுவாக இரு முனைகளில் நின்று பேசுவர். அரசே அணைகட்டிக் குழாய் பதித்து வீடுதோறும் நீரைக் கொண்டுவந்து சேர்த்தல் வேண்டும் என்பது ஒன்று. கூரையில் விழும் மழையை ஒவ்வொரு குடும்பமும் சேமித்துக்கொண்டால் தட்டுப்பாடு நீங்கும் என்பது மற்றையது. முன்னையது அரசை வழங்குநராக மட்டும் காண்கிறது. பின்னையது சட்டமொன்றை இயற்றியபின் ஒதுங்கி நிற்கும் உரிமையை அரசுக்கு வழங்குகிறது. கூரைக்கும் கடலுக்கும் இடையிலே மழைநீர் செல்லும் வழி நீண்டது. வீதியோரக் கான், வெள்ளவாய்க்கால், குளம், அவற்றின் அடியிலுள்ள பாறை ஆகிய இவையனைத்தும் யாருடைய பொறுப்பு என்ற வினா இவ்விரு வாதங்களிலும் எழுவதில்லை. யாழ்ப்பாண நகரத்தை முன்வைத்து அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. வலிகாமத்தின் நடுவே சென்று அராலியிற் கடனீரேரியைச் சேரும் வழுக்கியாறுகூட மாரி வெள்ளத்தின் வடிகாலே. ஆண்டுதோறும் பெய்யும் சுமார் 1,200 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான காலத்திலேயே கிடைத்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களுக்கு நீரைத் தாங்கி வைத்திருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கற் பாறையாகும். அதன் வெடிப்புகளிலும் குழிவுகளிலும் இறங்கும் மழைநீர், கடலிலிருந்து உட்புகுந்து நிற்கும் கனத்த உவர்நீரின்மீது மிதந்துகொண்டிருக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் காணப்படுவதால் இதனை நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் அறிந்த பொதுக் கணக்கு. பாறைப் பிளவுகளின் ஒழுங்கின்மை காரணமாக இக்கணக்கு எல்லா இடத்திலும் அப்படியே பொருந்துவதில்லை. ஆயினும் அது உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. மேலே ஓரடி நீரை இறைத்து வற்றச்செய்தால் கீழிருந்து உவர் பலமடங்கு மேலெழும். மேலே சிறிதளவு நீரைத் தங்கச்செய்தால் அதன் பலமடங்கு ஆழத்திற்கு உவர் விலகும். நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் காணப்படுவது இதற்குக் கண்கூடான சான்று. கீரிமலையில் நன்னீர் ஊற்றாகப் பெருகிக் கடலில் வீணே கலப்பதையும் இதனுடன் சேர்த்து நோக்கலாம்.

பாறை பொதுவானது, கிணறோ தனியாருடையது. இம்முரண்பாடே யாழ்ப்பாணத்து நீர்ப் பிரச்சினையின் அடித்தளம் எனலாம். சீதனமாகவும் முதுசமாகவும் காணி துண்டாடப்பட்டபோது கிணறும் பங்குக் கிணறாயிற்று. உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன. காணியற்றோருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அந்த உறுதிகளில் இடமிருக்கவில்லை. அயற்கிணற்றில் வாளி போட அனுமதியின்றிக் குடத்துடன் காத்துநின்று, பிறர் அள்ளி ஊற்றியதைப் பெற்றுச் சென்றோரின் வரலாறு நெடியது. குழாய்நீரின் குறைபாடுகளைப் பட்டியலிடுவோர், யாரிடமும் கைநீட்டாது நீர் பெறும் வாய்ப்பைச் சிலருக்கு முதன்முதலில் அளித்தது வீதியோரப் பொதுக்குழாயே என்பதை மறந்துவிடுதல் ஆகாது.

துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனித உழைப்பே நீரிறைப்பிற்கு எல்லை வகுத்தது. 1950களிலிருந்து பரவிய நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கியது. 1970களின் முற்பகுதியில் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் அவற்றின் விலை உயர்ந்தது. தோட்டச் செய்கை விரிவடைந்தது. இறைப்பும் இரசாயன உரப் பாவனையும் உடன் பெருகின. கமக்காரனுக்கு அது செழிப்பான காலம். அவனைக் குறைகூறுவதற்கு எதுவுமில்லை. நீர் பற்றிய எந்த ஆவணத்திலும் குறிப்பிடப்படாத ஒரு வர்த்தகத் தீர்மானம் குடாநாட்டின் தரைக்கீழ்நீரில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. நீர்வழங்கலில் அரசின் பங்கு நீர்வழங்கற் சபையுடன் முடிந்துவிடுவதில்லை.

இதன் விளைவுகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நீர்வளச் சபை அப்பத்தாண்டிலேயே குடாநாட்டின் தரைக்கீழ்நீரை ஆராய்ந்தது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை 1980கள் முதல் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. தோட்டத்து உரமும் மலகூடக் குழியும் இதன் இரு ஊற்றுக்கள். நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மா கரைத்துப் பருகும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்கக்கூடும். கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லும். நைத்திரேற்றையோ அது குறைப்பதில்லை. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்கிறது. சுகாதாரப் பரிசோதகர் சொற்படி தவறாது நீரைக் கொதிக்கவைக்கும் தாயும் இவ்வகையிற் பாதுகாப்பற்றவளே. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தமை பெருங் கிளர்ச்சிகளுக்கு வழிவகுத்தது. 2019இல் உயர் நீதிமன்றம் தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்றைப் பொறுப்பாளியாகக் கண்டு நட்டஈடு செலுத்தப் பணித்தது. கிணற்றுக்குச் சொந்தக்காரன் தன் கிணற்றைக் காப்பதற்குத் தன்னளவிற் செய்யக்கூடியது எவ்வளவு சிறிது என்பதை அவ்வழக்கு வெளிப்படுத்திற்று.

இப்பின்னணியில் மழைநீர்ச் சேகரிப்புச் சட்டத்தை நோக்குவோம். இலங்கையில் இம்முயற்சி 1990களின் நடுப்பகுதியில், உலக வங்கியின் நிதியுதவியுடன் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் மேற்கொள்ளப்பட்ட கிராமிய நீர்வழங்கல் திட்டத்தின் பகுதியாக வளர்ந்தது. மலைச்சரிவிலே குழாயும் கிணறும் எட்டாத வீடுகளுக்கு 5,000 இலீற்றர் கொள்ளளவுடைய சீமெந்துத் தாங்கிகள் அமைத்துக் கொடுக்கப்பட்டன. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வகுக்கப்பட்டது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் திருத்தப்பட்டு, 2009இல் ஒழுங்குவிதிகளும் வெளியாயின. மாநகரசபை, நகரசபை எல்லைகளுள் புதிய கட்டிடங்களுக்கான அனுமதியுடன் மழைநீர்ச் சேகரிப்பு இவ்வாறு இணைக்கப்பட்டது.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். 100 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்து அதில் ஐந்தில் நான்கு பங்கு பீலி வழியே வந்துசேருமாயின் கிடைப்பது 96,000 இலீற்றர். தை கழிந்து அடுத்த மாரி தொடங்கும்வரை ஏறத்தாழ 240 நாட்கள். ஐவர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 இலீற்றர் குடிநீர் எனக் கொண்டால் வேண்டப்படுவது 4,800 இலீற்றர். ஒரு 5,000 இலீற்றர் தாங்கி, ஒரு குடும்பத்தைக் கோடை முழுவதும் நைத்திரேற்றற்ற நீர் பருகச்செய்யப் போதுமானது. சமையல், குளிப்பு, துவைப்பு எதுவும் இக்கணக்கில் அடங்கா. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஒரு நகரின் நீர்வழங்கலாக இதனைக் கருதுவது மட்டும் பொருந்தாது.

சட்டம் யாரைக் கருத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பதையும் கேட்டல் வேண்டும். புதிதாக வீடு கட்டி அனுமதி கோருவோர் வசதி படைத்தோராகவே பெரும்பாலும் இருப்பர். பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும், கரையோரக் குடியிருப்பில் ஒரு பரப்பிற்கும் குறைந்த துண்டில் கிணற்றையும் மலகூடத்தையும் அருகருகே வைத்து வாழ்பவருக்கும் அச்சட்டம் எதையும் தருவதில்லை. அவர்களுக்கு வருவது தண்ணீர்ப் பவுசர். அதுவும் வருமென்ற நாளிலெல்லாம் வருவதில்லை. தாங்கிக்கு வேண்டிய மானியத்தை இவர்களுக்கு முதலில் வழங்காத மழைநீர்க் கொள்கை, இருப்பவனிடமே மேலும் சேரச்செய்யும் கொள்கையாகும்.

தாங்கியில் அடங்காத நீரை நிலத்துள் இறக்குவது இரண்டாவது வழி. இதில் தமிழ்நாட்டின் அனுபவம் நமக்குப் படிப்பினை தரவல்லது. 2003இல் அங்கு பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் பழைய கட்டிடங்களையும் உள்ளடக்கியது. குறித்த காலத்துள் ஏற்பாடு செய்யாத வீட்டின் நீரிணைப்பைத் துண்டிக்கவும் இடமளித்தது. சென்னை நகரெங்கும் சில மாதங்களிலேயே கூரைக் குழாய்கள் நிலத்தை நோக்கித் திரும்பின. அடுத்த சில ஆண்டுகளில், நல்ல மழையும் சேர்ந்துகொள்ள, கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. பின்னர் வடிகட்டிகள் அடைபட்டன. பராமரிப்பைப் பார்க்க எவரும் வரவில்லை. வீட்டுக்காரர்மீது இத்துணைக் கண்டிப்புக் காட்டப்பட்ட நகரிலேதான், முன்னர் ஏறத்தாழ 5,000 ஹெக்டேயர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அதன் சிறுபகுதியாகச் சுருங்கிற்று. அதில் வீதிகளும் நிறுவனங்களும் குப்பைமேடும் எழுந்தன. 2015 டிசெம்பரில் அந்நகர் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் அதன் நீர்த்தேக்கங்கள் ஏறக்குறைய வற்றி, சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொண்டுவரப்பட்டது. தன் பொறுப்பிலிருந்த நீர்நிலையை அரசு காக்கத் தவறியவிடத்து, வீட்டுக்காரன் தோண்டிய குழியால் அதனை ஈடுசெய்ய முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. மணற்படையில் வடிந்து செல்லும் நீர் ஓரளவு தூய்மையடையும். சுண்ணக்கற் பிளவினுள் விழும் நீர் அவ்வாறு வடிகட்டப்படுவதில்லை. மலகூடக் குழிகள் நெருங்கியுள்ள நகர்ப்பகுதியில் கூரைநீரைக் கிணற்றில் இறக்குவது நைத்திரேற்றை ஓரளவு ஐதாக்கலாம். கழிவு வந்துசேரும் வழியை அடைக்காது. ஆகவே மழைநீர்ச் சேகரிப்பையும் மலகூடக் கழிவகற்றலையும் இரு வேறு கோவைகளில் வைத்திருக்கும் நிர்வாகம் இங்கே வெற்றிபெற இயலாது. 1975 முதல் இயங்கும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை தன் பெயரிலே இரண்டையும் இணைத்து வைத்திருக்கிறது. நடைமுறையிலோ யாழ்ப்பாணத்தில் முதற்பாதியே பெரிதும் பேசப்படுகிறது.

குளங்களுக்கு வருவோம். குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உள்ளன. நகரெல்லையுள் ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம், பிரப்பங்குளம், தேவரிக்குளம் எனப் பல பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. வன்னிக் குளங்களைப்போல் வயலுக்கு மதகு திறந்துவிடுவது மட்டும் இவற்றின் பணியன்று. மாரி வெள்ளத்தை மறித்து, மெல்ல மெல்லப் பாறைக்குள் அனுப்பி, சுற்றயற் கிணறுகளைக் கோடைவரை காப்பதே இவற்றின் தலையாய பயன். ஒரு ஹெக்டேயர் பரப்பில் ஒரு மீற்றர் ஆழம் நீர் நிற்கும் குளம் கொள்வது 10,000 கன மீற்றர். 5,000 இலீற்றர்த் தாங்கிகள் இரண்டாயிரத்துக்கு அது சமம். ஒரு மாரியிற் பலமுறை நிரம்பி இறங்குமாயின் கணக்கு இன்னும் பெருகும். நுண்ணிய களி படிந்து அடித்தளம் அடைபட்டால் நீர் கீழிறங்காது, ஆவியாகி வீணாகும். ஆகையாற்றான் முன்னோர் கோடையிற் குளத்தைத் தூர்வாரி அம்மண்ணைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்றனர். இரசாயன உரம் வந்தபின் அம்மண் வேண்டாப் பொருளாயிற்று. தூர்வாரும் வழக்கமும் உடன் அருகிற்று.

இன்று ஒரு குளம் மாநகரசபையினதாகவும், மற்றொன்று பிரதேச சபையினதாகவும், வேறொன்று கமநல அபிவிருத்தித் திணைக்களத்தினதாகவும், இன்னொன்று கோயிலினதாகவும் இருக்கிறது. குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலோ எவருடையதுமன்று. மதிலும் வீதியும் அதை விழுங்கிவிட்டன. 2021இல் ஆரியகுளம் புனரமைக்கப்பட்டு மக்கள் உலாவும் இடமாயிற்று. வரவேற்கத்தக்கதே. எனினும் ஒரு குளத்தின் நலனை அளப்பதற்குரிய கோல் அதன் கரையிலுள்ள விளக்குகளின் எண்ணிக்கையன்று; எத்தனை வீதிகளின் வெள்ளம் தூயதாக அதனை வந்தடைகிறது, அயற்கிணறுகளில் சித்திரையில் நீர் எம்மட்டத்தில் நிற்கிறது என்பனவே.

பெருந்திட்டங்களின் வரலாறு தனியே எழுதற்பாலது. பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களில் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டம், ஆனையிறவு, வடமராட்சி கடனீரேரிகளை நன்னீராக மாற்றக் கருதியது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன; இணைப்பு வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர எண்ணியது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். போரினால் அனைத்தையும் இழந்து மீண்டும் ஏர் பிடித்தவர்களிடம் நகருக்காக நீரை விட்டுக்கொடுக்கும்படி கேட்டதில் நியாயம் குறைவே. ஈற்றில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நைத்திரேற்றுக் கலந்த நீரைப் பருகிவந்தோருக்கு இது பெரும் ஆறுதல். ஆயினும் கன மீற்றர் ஒன்றுக்கு 3 முதல் 4 கிலோவாற்று மணி மின்சாரம் வேண்டும் முறை இது. எரிபொருள் விலை ஏறும்போது நீரின் விலையும் ஏறும். அந்நிலையம் ஓராண்டில் தரக்கூடிய நீர் 90 இலட்சம் கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு. குடாநாட்டின்மீது ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ 120 கோடி கன மீற்றர். மழையின் பெரும்பங்கு ஆவியாகியும் கடலில் ஓடியும் போவதால் இரண்டும் நேரே ஒப்பிடத்தக்கனவல்ல. இருப்பினும் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த நீருக்குப் பெருங்கடன் பெறும் அரசு, எஞ்சிய பங்கு செல்லும் வாய்க்காலுக்கு ஒரு வரைபடம்கூட ஒழுங்காக வைத்திருக்கவில்லையெனின் அது வெறும் மறதியாற் நேர்ந்ததன்று. குழாய்க்கும் இயந்திரத்துக்கும் கடன் கிடைக்கும், ஒப்பந்தக்காரர் கிடைப்பர், திறப்புவிழாவும் கிடைக்கும். தூர்வாருதலுக்கு இவற்றில் எதுவுமில்லை.

குழாய்நீர் வந்தபின் கிணறுகளைக் கைவிடும் மனப்பான்மை நகரிற் பரவுமாயின் தரைக்கீழ்நீர் மாசடைவதைக் கேட்பாரும் அற்றுப்போவர். கடல்நீர் நிலையத்தின் வருகை கிடைத்தற்கரிய ஓர் இடைவேளை. நகரின் குடிநீர்த் தேவையில் ஒரு பகுதியை அது ஏற்றிருக்கும் இந்த ஆண்டுகளிலேயே, குளங்களையும் அவற்றின் வாய்க்கால்களையும் நிலஅளவை செய்து ஒரே அதிகாரத்தின்கீழ்க் கொண்டுவருதல் கூடும். நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து தொடங்கி மலகூடக் குழிகளை அடைப்புள்ள தொட்டிகளாக மாற்றுதல் கூடும். கிணறுகளின் நைத்திரேற்று அளவைக் கிராம அலுவலர் பிரிவுதோறும் எவரும் வாசிக்கத்தக்கதாக எழுதி ஒட்டுதலும் கூடும். முதலாவது வேலைக்கு வேண்டியவை அளவைச் சங்கிலியும் பழைய காணி வரைபடங்களுமே. அவை கச்சேரியில் இருக்கின்றன.